சாய்த்த சீட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றால்

தைப்பூசத்துக்கு முந்தின இரவு பினாங்கு தண்ணீர்மலைக்குப் போனோம். காரை எங்கேயோ தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து, சாமி கும்பிட்டு, விடியற்காலையில் காருக்குத் திரும்பினால், அக்கா மகன் கால் வலிக்குது மாமா என்று முன் சீட்டை முழுக்கச் சாய்த்துப் படுத்தவன் அப்படியே தூங்கிப்போனான். ஒரு மணி நேரம் கழித்து அவனை எழுப்பிவிட்டோம், சீட்டை எழுப்ப முடியவில்லை. லிவரை இழுத்தால் வழக்கம்போல ‘டக்’ என்கிறது, சாய்மானம் மட்டும் அசையவில்லை. நான் இழுத்தேன், மச்சான் இழுத்தார், பக்கத்துக் காரில் படுத்திருந்தவர்கூட எழுந்து வந்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு “போமேன்கிட்ட காட்டுங்கண்ணே” (போமேன் என்றால் இங்கே மெக்கானிக்) என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். சாய்ந்த சீட்டு பின்னால் ஒரு ஆள் இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டதால் அக்காவும் பையனும் பின்சீட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பாலத்தைக் கடந்தார்கள், மச்சான் தனியாக ஃபெரி பிடித்து பட்டர்வொர்த் வந்து சேர்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிளாட்டின் கீழ்ப் பார்க்கிங்கில் நானே சரிசெய்துவிட்டேன். இரண்டு மணி நேரம் ஆனது. அதில் முதல் ஒரு மணி நேரம் வீண், ஏனென்றால் கோளாறு இல்லாத பக்கத்தில் எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஸ்பேனரே பிடித்ததில்லை என்றாலும் பரவாயில்லை, பாதி வேலை கண்ணாலும் விரலாலும் செய்வதுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் சாய்மானத்துக்கு இரண்டு பூட்டு இருக்கிறது. ஒன்று கதவுப் பக்கம், லிவருக்குள்ளேயே. இன்னொன்று ஹேண்ட் பிரேக் பக்கம், பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும், அப்படி ஒன்று இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. இரண்டிலும் பல் வெட்டிய தட்டு, அந்தப் பல்லில் போய் உட்காரும் கொக்கி, கொக்கியை எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்பிரிங், அவ்வளவுதான். லிவரைத் தூக்கினால் கதவுப் பக்கக் கொக்கி நேரடியாக விலகும். ஹேண்ட் பிரேக் பக்கக் கொக்கியை விலக்க, நடுவில் ஒரு கம்பியோ, சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி ஒரு கேபிளோ ஓடும். ஆக, நீங்கள் கேட்கும் ‘டக்’ ஒரு பூட்டு திறந்த சத்தம் மட்டுமே. மற்றது திறக்கவில்லை என்றால் மூன்று பேர் சேர்ந்து இழுத்தாலும் சீட்டு வராது, லிவர்தான் கையோடு வரும். (சில பழைய சின்னக் கார்களில் பூட்டு ஒரு பக்கம் மட்டும்தான், மறுபக்கம் வெறும் கீல். உங்களுடையது அப்படி என்றால் வேலை பாதி.)

இதிலிருந்து ஒரு நல்ல செய்தியும் கிடைக்கிறது. பூட்டுவது ஸ்பிரிங், திறப்பதுதான் கேபிள். கேபிள் அறுந்தாலோ கழன்றாலோ சீட்டு பூட்டியே நிற்கும், ஓடும் காரில் திடீரென்று சாயாது. அது தொல்லைதான், ஆபத்து இல்லை. உண்மையான ஆபத்து இதற்கு நேர்மாறானது, அதாவது சாய்மானம் ஆடுகிறது, எந்த இடத்திலும் பூட்டவில்லை. அப்படி இருந்தால் அந்த சீட்டில் யாரையும் உட்காரவைக்காதீர்கள், அது ஓட்டுநர் சீட்டு என்றால் காரையே எடுக்காதீர்கள்.

முழுக்கச் சாய்ந்தே மாட்டிக்கொண்ட சீட்டிலும் இதே விதிதான். படுத்தபடி பெல்ட் போட்டால் பெல்ட் நெஞ்சில் படியாது, மோதினால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும், இடுப்பில் இருக்கவேண்டிய பட்டை வயிற்றை நெரிக்கும். அதனால் அந்த சீட்டைக் காலியாக விட்டுவிட்டுப் பின்னால் உட்காருங்கள், பெல்ட்டோடு. பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்று 2009 ஜனவரியிலேயே சட்டம் வந்தாயிற்று, நம் ஆட்கள்தான் இன்னும் அதைச் சாமான் வைக்கும் இடத்தின் கயிறு போலப் பார்க்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். சமமான தரை, ஹேண்ட் பிரேக், கதவை முழுக்கத் திறக்க இடம், மேலே நிழல். நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் காருக்குள் தலையை விட்டு வேலை செய்தால் சீட்டுக்கு முன்னால் நீங்கள் சாய்ந்துவிடுவீர்கள். கைபேசி, டார்ச், நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், சின்னத் தட்டை முனை ஒன்று, பிளையர், பழைய துணி, இவை முதல் பாதிக்குப் போதும்.

லிவரை மெதுவாகத் தூக்கி, கைக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். இதுதான் முழு வேலையிலும் முக்கியமான நிமிடம், அவசரப்படாதீர்கள்.

லிவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் லொடலொடவென்று ஆடினால், அது உள்ளே இருக்கும் தண்டைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிளாஸ்டிக் லிவரின் உள்பல் தேய்ந்திருக்கும், அல்லது பிடித்திருந்த ஸ்க்ரூ கழன்றிருக்கும். லிவரைக் கழற்றிவிட்டு வெளியே தெரியும் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருப்புங்கள். சீட்டு எழுந்தால் பூட்டில் குறையே இல்லை, லிவர் ஒன்று வாங்கினால் போதும்.

லிவர் கல் மாதிரி நின்றால், கொக்கி பல்லில் இறுகியிருக்கிறது, அல்லது துருவோ அழுக்கோ பிடித்திருக்கிறது. இதற்கு எண்ணெய்க்கு முன்னால் ஒரு வித்தை இருக்கிறது. சாய்மானத்தின் பாரம் முழுவதும் கொக்கியின் மேல் இருக்கும்போது அது விலகாது. ஒருவர் சாய்மானத்தின் மேல்விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டட்டும், இன்னொருவர் லிவரைத் தூக்கிப் பிடிக்கட்டும், பாரம் நீங்கும் அந்த ஒரு நொடியில் பல சமயம் தானே விட்டுக்கொடுக்கும். லிவரை மிதிக்காதீர்கள், அதன்மேல் குழாய் மாட்டி நெம்பாதீர்கள். முகத்தையும் சாய்மானம் வரும் வழியில் வைக்காதீர்கள், உள்ளே கடிகாரச் சுருள் மாதிரி ஒரு பெரிய ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது, விடுபட்டால் அறை விழும். மச்சானுக்கு விழுந்தது.

லிவர் வழக்கம்போல வேலை செய்து, ‘டக்’ என்று சொல்லி, சாய்மானம் மட்டும் வரவில்லை என்றால் எங்கள் கதைதான். லிவரைத் தூக்கியபடியே சாய்மானத்தின் மேல் இரண்டு மூலைகளையும் மாறி மாறி இழுத்துப் பாருங்கள். கதவுப் பக்க மூலை ஒரு விரல் அளவு கொடுக்கும், உள்பக்க மூலை சுவர் மாதிரி நிற்கும். சாய்மானம் முறுக்கிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். அப்படித் தெரிந்தால் கதவுப் பக்கத்தை விட்டுவிடுங்கள், நோய் ஹேண்ட் பிரேக் பக்கம்.

பூட்டு விட்டுவிட்டது, சாய்மானம் தளர்ந்து கிடக்கிறது, ஆனால் தானாக எழவில்லை, கையால் தூக்கினால் வந்து சரியாகப் பூட்டிக்கொள்கிறது என்றால் சுருள் ஸ்பிரிங் கழன்றிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. கையால் தூக்கிப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த ஸ்பிரிங்கை வீட்டில் மாட்ட முயலாதீர்கள், விரலை எடுத்துவிடும்.

கண்டுபிடித்தாயிற்று, இனி உள்ளே பார்க்கலாம். கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, விளக்கையும் போட்டு, சீட்டின் அடியிலும் ஹேண்ட் பிரேக் பக்கச் சந்திலும் விட்டு எடுங்கள், பிறகு நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். எங்கள் காரில் வந்தவை: 20 சென் காசு நான்கு, ஒரு விபூதிப் பொட்டலம், காலாவதியான டச் அன்ட் கோ கார்டு, குழந்தைகளின் முடிக் கிளிப். தொலைந்த கார்டுக்காக ஒரு டோல் வாசலில் நான் எவ்வளவு நேரம் வரிசையை நிறுத்தினேன் என்பதைச் சொல்லப்போவதில்லை. சில சமயம் பேனாவோ காசோ இடுக்கில் செருகிக்கொண்டதுதான் மொத்தக் கோளாறும், இடுக்கியால் எடுத்தால் வேலை முடிந்தது. சீட்டுக்குப் பின்னால் குடை, தண்ணீர் போத்தல், குழந்தை சீட்டின் பட்டை ஏதாவது சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் சீட் கவர். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் கவர் போடாத கார் குறைவு. அந்தக் கவரை அடியில் இழுத்துக் கட்ட எலாஸ்டிக் கயிறும் கம்பிக் கொக்கிகளும் இருக்கும். போடுகிறவர் அவசரத்தில் கைக்கு அகப்பட்டதில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். எங்கள் காரில் ஒரு கொக்கி நேராகச் சாய்மானக் கேபிளிலேயே மாட்டியிருந்தது. சாதாரணமாக உட்காரும்போது ஒன்றும் தெரியவில்லை. பையன் முழுக்கச் சாய்த்தபோது கவர் இழுபட, கயிறு இழுபட, அது கேபிளின் கறுப்பு உறையைத் தன் இருப்பிடத்திலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டது.

உறை கழன்றால் ஏன் பூட்டு திறக்காது? பிரேக் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓடும் கம்பி இழுபட வேண்டுமானால் வெளி உறை இரண்டு முனையிலும் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு முனை கழன்றுவிட்டால் லிவரைத் தூக்கும்போது உறைதான் ஆடும், கம்பியின் இழுப்பு மறுமுனைக்குப் போய்ச் சேராது. கம்பி அறுந்திருக்காது, பூட்டும் நல்லாத்தான் இருக்கும், ஆனாலும் சீட்டு வராது.

முதலில் சீட்டை எழுப்புங்கள், பிறகுதான் பழுது. ஒருவர் லிவரைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஹேண்ட் பிரேக் பக்கச் சந்தில் கையை விட்டு (துணி மாட்டும் கம்பி ஹேங்கரை நிமிர்த்தி நுனியில் வளைத்தால் நல்ல நீளக் கொக்கி கிடைக்கும்) உள்பக்கப் பூட்டில் கேபிள் பிடித்திருக்கும் சின்ன இரும்பு நாக்கை, கேபிள் இழுக்கும் திசையிலேயே இழுங்கள். சீட்டு எழும். எழுந்ததும் இடமும் வெளிச்சமும் கிடைக்கும், மற்றதெல்லாம் சுலபம்.

பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற முன்னால் ஒரு ஸ்க்ரூ, பின்னால் ஒன்று, சில காரில் லிவருக்கு அடியில் ஒன்று இருக்கும். லிவரை ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் ஒளிந்த ஸ்க்ரூ பிடித்திருக்கலாம், அல்லது வளைந்த கம்பிக் கிளிப் பிடித்திருக்கலாம். கிளிப் என்றால், கையால் கண்ணாடி சுற்றும் பழைய கார்களில் அந்தக் கைப்பிடியைக் கழற்றுவார்களே, அதே முறைதான், லிவருக்கும் மூடிக்கும் நடுவில் துணிப் பட்டையை விட்டு இருபுறமும் மாறி மாறித் தேய்த்தால் கிளிப் வெளியே துள்ளும். எங்கே துள்ளியது என்று இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பத்துப் பதினைந்து வருடம் வெயிலில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி உடையும், அதனால் இழுப்பதற்கு முன் எல்லா ஸ்க்ரூவும் வந்துவிட்டதா என்று இரண்டு முறை பாருங்கள். ஒவ்வொன்றைக் கழற்றும் முன்னும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறையின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும், அது இரும்புத் தகட்டின் வெட்டுக்குள் சொருகும். திரும்பச் சொருகினால் சிலருக்கு அதோடு முடிந்துவிடும். எங்கள் குமிழில் ஒரு கால் உடைந்திருந்ததால் இரண்டு கேபிள் டையால் அதைத் தகட்டோடு சேர்த்துக் கட்டினேன். இங்கே ஒரு எச்சரிக்கை. கேபிள் தொளதொளவென்று இருக்கிறதே என்று விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். லிவர் கீழே இருக்கும்போது கேபிளில் கொஞ்சம் தொய்வு இருந்தே ஆக வேண்டும். விறைத்தால் கொக்கி பல்லில் முழுதாக உட்காராமல் அரைகுறையாக நிற்கும், பூட்டியது போலத் தெரியும், அவசர பிரேக் அடிக்கும் நாளில்தான் பூட்டவில்லை என்று தெரியும். கவரின் கொக்கியையும் கேபிளிலிருந்து எடுத்து சீட்டின் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள்.

எண்ணெய் விஷயம். டபிள்யூடி-40 துருவையும் ஈரத்தையும் இளக்க நல்லது, நீண்ட நாள் வழுவழுப்புக்கு அது போதாது, காய்ந்துவிடும். நீளக் குழல் மாட்டி, பூட்டின் பல் தெரியும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அடித்துவிட்டு, கால் மணி நேரம் விட்டு, லிவரை இருபது முப்பது முறை ஆட்டி, கறுப்பாக வழிவதைத் துடைத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவுங்கள். ஹார்டுவேர் கடையிலும் மிஸ்டர் டிஐஒய்யிலும் சின்ன டப்பாவாகக் கிடைக்கும். அடிக்கும் முன் பெல்ட்டையும் பெல்ட் பூட்டையும் துணியால் மூடிவிடுங்கள், அவற்றில் எண்ணெய் படக்கூடாது. மைலோவோ பண்டோங்கோ கொட்டிப் பிசுபிசுத்துப்போன பூட்டு என்றால் எண்ணெய் உதவாது, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணிதான் சர்க்கரையைக் கரைக்கும், நன்றாகக் காய்ந்த பிறகு கிரீஸ்.

உள்பக்கத்துக்குக் கை எட்டவே இல்லை என்றால் சீட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும், அதற்கு முன் ஒரு சோதனை. சாய்மானத்தின் கதவுப் பக்க ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்ற லேபிள் தைத்திருக்கிறதா, சீட்டின் அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வெடித்து விரியும் சாதனம். என்னைக் கேட்டால், முதன்முறை செய்கிறவர்கள் அங்கேயே நிறுத்திவிட்டு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது நல்லது. மஞ்சள் இணைப்பு இல்லை என்றாலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10 மி.மீ. ஸ்பேனரால் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் பொறுத்துவிட்டுத் தொடங்குங்கள். சீட்டைத் தரையோடு பிடித்திருப்பவை பெரும்பாலும் நான்கு போல்ட்டுகள், நம் ஊர்க் கார்களிலும் ஜப்பான் கார்களிலும் 14 மி.மீ. தலை அதிகம். சீட்டைப் பின்னால் தள்ளினால் முன் இரண்டு தெரியும், முன்னால் தள்ளினால் பின் இரண்டு. முழுக்க வெளியே எடுக்க வேண்டாம். நான்கையும் கழற்றிவிட்டு, அடியில் போகும் ஒயர்கள் இழுபடாமல் பார்த்துக்கொண்டு சீட்டைப் பின்பக்கமாகக் கவிழ்த்தாலே அடிவயிறு முழுவதும் தெரியும். சாய்ந்தே கிடக்கும் சீட்டைக் கதவு வழியாக எடுப்பது கட்டிலை ஜன்னல் வழியாக எடுப்பது மாதிரி, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் கீறல் விழும்.

திரும்ப மாட்டும்போது நான்கு போல்ட்டையும் முதலில் விரலாலேயே சில சுற்று திருகிவிட்டு, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள், எவ்வளவு இறுக்கம் என்பது உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் அளவு. சீட்டை முன்னும் பின்னும் தள்ளி இரண்டு தண்டவாளமும் பூட்டுகின்றனவா, சாய்மானத்தை ஐந்தாறு நிலைகளில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து முதுகால் நன்றாகத் தள்ளினால் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்புங்கள், ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏதோ ஒரு இணைப்பு சரியாகச் சேரவில்லை.

லிவருக்குப் பதிலாக வட்டக் குமிழைச் சுற்றும் சீட்டு என்றால் முக்கால்வாசி குமிழின் உள்பல் தேய்ந்ததுதான், பிளையரால் தண்டைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். மின்சார சீட்டு என்றால் முதலில் ஃபியூஸ் பாருங்கள், எது என்று ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். சுவிட்சை இரண்டு பக்கமும் அழுத்தும்போது உள்ளே மோட்டார் முனகினால் ஏதோ தடுக்கிறது, சத்தமே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை. அதற்கு மேல் ஒயர்க்காரர் வேலை.

பல் தேய்ந்திருந்தாலும், மோதிய காரின் சீட்டுச் சட்டம் வளைந்திருந்தாலும், எங்காவது வெல்டிங் விட்டிருந்தாலும் நீங்கள் ஒட்டுப்போடாதீர்கள், யாராவது வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த வேலைக்கு நேராகக் குஷன் கடைக்குப் போங்கள், தினம் பத்து சீட்டைப் பிரித்து மாட்டும் அந்த அங்கிளுக்கு உங்கள் போமேனைவிட சீட்டின் உள்விஷயம் நன்றாகத் தெரியும். மாற்று வேண்டும் என்றால், பழைய கார்களைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் கெடாய் பொத்தோங்கில் அதே மாடல், அதே பக்கத்து சீட்டை முழுதாகக் கேளுங்கள், பூட்டை மட்டும் தனியாக வாங்கி மாட்டுவது வெல்டிங் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். வாங்கும் முன் சீட்டைக் கவிழ்த்துத் தண்டவாளத்தையும், தையல் இடுக்கையும், நுரைக்கு அடியில் இருக்கும் கம்பியையும் பாருங்கள். 2017 நவம்பரில் நம் பினாங்கிலும் 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம், மேலே புதுத் துணி போட்டால் கண்ணுக்குத் தெரியாது. தண்டவாளத்தில் துருவும் தையலில் காய்ந்த சேறும் இருந்தால் விலையே பேசாமல் அடுத்த கடைக்குப் போங்கள்.